பவளத்தை வெளிச்சத்துக்குப் பழக்குதல்

கடல்நீர் நிரம்பிய கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள பவளங்களை வளர்த்து மகிழும் வழக்கம் இன்று பல தேசங்களில் பரவியிருக்கிறது. அவ்வாறு வளர்ப்பவர்களில், தம் தொட்டிக்கு வெளிச்சம் போதவில்லையே என்று கவலைப்படுகிறவர்கள் அநேகர். வெளிச்சம் மிஞ்சிவிடுமோ என்று அஞ்சுகிறவர்கள் மிகச் சிலரே. பழைய குழல்விளக்குகளைக் கழற்றிவிட்டு, அவற்றின் ஸ்தானத்தில் நீல ஒளி மிகுந்த புதிய எல்.இ.டி. விளக்கைப் பொருத்திய அன்று மாலை, தொட்டி முன்னைக்காட்டிலும் சற்று மங்கலாகவும், ஆனால் மனோகரமாகவும் தோன்றுகிறது. நான்கைந்து நாட்கள் சென்றபின், கிளைகிளையாக நின்ற பவளத்தின் மேல்பாகம் பழுப்பு நிறம் குறைந்து வெளுக்கத் தொடங்குகிறது. இரண்டு வாரம் ஆவதற்குள் அது சுத்த வெண்மையாகிவிடுகிறது. உடையவர் நீரைச் சோதிக்கிறார், உப்பை மாற்றுகிறார், உஷ்ணமானியைச் சந்தேகிக்கிறார், பவளத்தை விற்ற கடைக்காரரையும் சந்தேகிக்கிறார். விளக்கை மட்டும் அவர் சந்தேகிப்பதில்லை. வெளிச்சம் முன்பைவிடக் குறைவு என்றல்லவா அவருடைய கண்களே சாட்சி சொல்லியிருக்கின்றன?

அந்தச் சாட்சி எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதை ஆராய்வதற்கு முன்னால், வெளிச்சம் ஒரு பிராணிக்கு எதற்காகக் கேடு செய்யவேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது அவசியம். பவளம் பிராணியே அன்றித் தாவரம் அல்ல. கடற்சாமந்தியின் இனத்தைச் சேர்ந்த அது, சிறு குழாய் வடிவான உடலும், அதன் உச்சியில் ஒரு வாயும், வாயைச் சுற்றிக் கொட்டும் தன்மையுள்ள மெல்லிய கைகளும் உடையது. தன் அடியில் தானே சுண்ணாம்பைச் சுரந்து கூடு கட்டி, அந்தக் கூட்டின்மேல் ஆயிரக்கணக்கில் கூட்டமாக வாழ்கிறது. ஆனால் அதன் சதையை ஒரு நுணுக்கக்கண்ணாடியின் அடியில் வைத்துப் பார்த்தால், உட்புறத்து உயிரணுக்களுக்குள்ளே பொன்னிறமும் பழுப்பும் கலந்த உருண்டைகள் நெருக்கமாக அடைந்திருப்பதைக் காணலாம். அவை ஒவ்வொன்றும் தனித்த ஒரு பாசி. குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. ஆரோக்கியமான பவளத்தின் ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் அவை பத்து லட்சத்துக்கு மேல் இருப்பது சாதாரணம். சூசாந்தெல்லே என்ற பெயரால் வழங்கும் இப்பாசிகளே பவளத்துக்குப் பழுப்பு நிறத்தைத் தருகின்றன. பவளத்தின் சதையோ கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிவது. பாசிகள் நீங்கிவிட்டால் அடியிலுள்ள சுண்ணாம்புக் கூட்டின் வெண்மைதான் வெளித்தோன்றும். வெளிறுதல் என்று நாம் சொல்வது இதுவே.

இந்தப் பாசிகள் பவளத்துக்கு என்ன செய்கின்றன என்பது பற்றி விஞ்ஞானிகளுக்குள்ளே நெடுநாள் வாதம் நடந்தது. ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையிலுள்ள பெரும் பவளத்திட்டை ஆராய்வதற்கு 1928 ஆம் ஆண்டில் சென்ற பிரிட்டிஷ் குழுவுக்குத் தலைமை வகித்த மாரிஸ் யாங் என்பவர், லோ ஐல்ஸ் என்ற சிறு தீவில் ஓராண்டு தங்கி, பவளங்களை வெளிச்சம் புகாத பெட்டிகளில் பல மாதம் அடைத்துவைத்துப் பரிசோதித்தார். இருட்டில் பவளங்கள் தம்முள் இருந்த பாசிகளை வெளியே தள்ளிவிட்டன. ஆயினும், இரை கிடைத்தவரையில் அவை உயிரோடு இருந்தன. ஆகவே பவளம் பாசியை உண்டு வாழவில்லை, தன் கழிவுகளை அகற்றிக்கொள்ளவே அதை வைத்திருக்கிறது என்பது அவருடைய அபிப்பிராயமாயிற்று. சில ஆண்டுகளுக்குப் பின் பலாவுத் தீவுகளிலிருந்த ஜப்பானிய ஆராய்ச்சி நிலையத்தில் சிரோ கவகுதி என்பவர், பகல் வெளிச்சத்தில் பவளம் தான் சுவாசிக்கும் பிராணவாயுவைக் காட்டிலும் அதிகமான பிராணவாயுவை வெளிவிடுவதை அளந்து 1937 இல் வெளியிட்டார். வாதத்தைத் தீர்த்தது கதிரியக்கக் கரியே. அமெரிக்க விஞ்ஞானிகளான லியோனார்ட் மஸ்கட்டினும் கடெட் ஹாண்டும் 1958 இல், கடற்சாமந்தி ஒன்றின் பாசிகள் வெளிச்சத்தில் கிரகித்த கரி, அந்தப் பிராணியின் சதைக்குள்ளே சென்று சேர்வதைப் பிரத்தியட்சமாகக் காட்டினார்கள். பாசி தான் தயாரிக்கும் ஆகாரத்தின் பெரும்பகுதியைப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகிறது என்பதும், வெளிச்சத்தில் பவளம் கூடு கட்டும் வேகம் இருட்டில் உள்ளதைப்போல் சராசரி மூன்று மடங்கு என்பதும் இன்று சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயங்கள். எனினும், யாங் கண்டதில் பாதி உண்மை இருந்தது என்பதை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறேன். தொட்டியில் ஒரு பவளம் வெளிறிப்போகும் நாளில் அது உதவும்.

வெளிச்சம் ஆகாரமாகிறது என்றால், வெளிச்சம் பெருகப் பெருக ஆகாரமும் பெருகவேண்டும் என்று நினைப்பது இயற்கை. குறைந்த வெளிச்சத்தில் அது மெய்தான். வெளிச்சத்தை அளப்பதற்கு இக்காலத்தவர் கையாளும் அளவு, ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு விநாடியில் எத்தனை ஒளித்துகள்கள் விழுகின்றன என்பது. துகள்களின் தொகை மிகப் பெரிதாகையால் அதை மைக்ரோமோல் கணக்கில் சொல்லுகிறார்கள். உஷ்ண மண்டலத்தில் மேகமற்ற உச்சிவேளையில் கடலின் மேற்பரப்பில் விழுவது ஏறத்தாழ 2000 மைக்ரோமோல். பாசியின் ஆகாரத் தயாரிப்போ, பவள வகைக்கும் அது வாழ்ந்த ஆழத்துக்கும் ஏற்றபடி, பெரும்பாலும் 200 முதல் 400 மைக்ரோமோலுக்குள்ளேயே தன் உச்சத்தை எட்டிவிடுகிறது. அதற்குமேல் வரும் ஒளி, வயிறு நிறைந்து கை மறித்த விருந்தாளியின் இலையில் மேலும் மேலும் பரிமாறப்படும் சோற்றைப் போன்றது. ஆனால் விருந்தாளி இலையை மூடிவிட்டு எழுந்துவிடலாம். பச்சையத்துக்கோ அந்தச் சுதந்திரம் இல்லை. தன்மேல் விழும் ஒளித்துகளை அது வாங்கியே தீரவேண்டும். வாங்கிய சக்தியை எங்கேனும் செலவழித்தே தீரவேண்டும்.

செலவழிக்க வழியில்லாதபோது அந்தச் சக்தி அருகிலிருக்கும் பிராணவாயுவின்மேல் பாய்ந்து, அதை உக்கிரமான வேறு உருவங்களாக மாற்றிவிடுகிறது. ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றுள் ஒன்று. பவளத்தின் சதையில் பிராணவாயுவுக்குக் குறைவே இல்லை. ஊசிமுனையைவிடக் கூரிய உணர்கருவிகளைச் சதைக்குள் செலுத்தி 1995 இல் மைக்கேல் கூல் முதலானோர் அளந்தபோது, வெளிச்சத்தில் அங்குள்ள பிராணவாயு, காற்றோடு சமநிலையிலுள்ள நீரில் இருப்பதைப்போல் இரண்டரை மடங்குக்கு மேலாகவும், விளக்கை அணைத்த சில நிமிஷங்களுக்குள் ஏறக்குறைய ஒன்றுமில்லாததாகவும் இருக்கக் கண்டார்கள். இத்தகைய சூழ்நிலையில் ஒளி மிஞ்சினால், பாசியின் ஒளி கிரகிக்கும் யந்திரத்தில் டி-1 என்ற புரதம் முதலில் பழுதடைகிறது. பழுதடைவது அதிசயமல்ல, ஒவ்வொரு நாளும் அது பழுதடைகிறது, ஒவ்வொரு நாளும் பாசி அதைப் புதிதாகச் செய்து மாற்றிக்கொள்கிறது. செப்பனிடும் வேகத்தைப் பழுதாகும் வேகம் முந்திச் செல்லும்போதுதான் ஆபத்து. அப்போது பாசி பவளத்துக்குச் சோறிடுவதை விட்டு விஷமிடத் தொடங்குகிறது; பவளம் அதை வெளியேற்றிவிடுகிறது.

இனி, எந்தப் பவளம் அதிகமாகத் துன்பப்படும் என்பதைப் பார்க்கவேண்டும். செங்கடலின் வடகோடியில் எய்லாத் நகரத்துக் கடலில் பால் பால்கோவ்ஸ்கியும் ஸ்வி டுபின்ஸ்கியும், ஸ்டைலோபோரா என்ற கிளைப்பவளத்தை ஆராய்ந்து 1981 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரே இனப் பவளம், ஒரே கடல். ஆனால் ஒன்று மேற்பரப்பின் அருகே வெயிலை ஏறக்குறைய முழுமையாக வாங்கி நின்றது. மற்றொன்று பாறைக்குகையின் நிழலில், மேற்பரப்பு வெளிச்சத்தில் நூறில் ஒரு பங்கு கிடைப்பதே அரிதான இடத்தில் நின்றது. வெயில் பவளம் வெளிர்நிறம். நிழல் பவளம் கரும்பழுப்பு. காரணம், நிழலிலிருந்ததன் பாசிகள் ஒவ்வொன்றும், வெயிலிலிருந்ததன் பாசிகளைவிடப் பல மடங்கு பச்சையத்தைத் தம்முள் சேர்த்துவைத்திருந்தன. வறுமையில் வாழும் ஜீவன் ஒரு துகளையும் நழுவவிடக்கூடாது என்று, வலையைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறது. அந்த வலை விரிந்திருக்கும்போதே அதைக் கொண்டுபோய்ப் பேரொளியின் கீழே நிறுத்தினால், சிக்கனத்துக்காகச் செய்த ஏற்பாடே அதற்குச் சத்துருவாகிவிடுகிறது. தொட்டி வளர்ப்பவர்கள், ‘இந்தத் துண்டு பழுப்பேறிவிட்டது, நல்ல நிறம் வரவேண்டுமானால் விளக்கின் நேர்கீழே வைக்கவேண்டும்’ என்று எண்ணிச் செய்யும் காரியம் இதுதான். நிறத்துக்கு வெளிச்சம் வேண்டும் என்ற கருத்து பிழையல்ல. ஆனால் பழுப்பேறிய பவளமே வெளிச்சத்தைத் தாங்கும் சக்தி மிகக் குறைந்த பவளம்.

கையிலிருக்கும் பாதுகாப்புகள் பவளத்துக்குப் பல உண்டு. அவை ஒவ்வொன்றுக்கும் வேண்டிய காலம்தான் வெவ்வேறு. பாசிக்குள்ளே மஞ்சள் நிறமி ஒன்று சில நிமிஷங்களுக்குள் தன் உருவத்தை மாற்றிக்கொண்டு, மிஞ்சிய சக்தியை உஷ்ணமாக வெளியேற்றுகிறது. மேகம் விலகி வெயில் அடிக்கும்போது அது போதும். புரதத்தைச் செப்பனிடச் சில மணி நேரம் ஆகும். பச்சையத்தைக் குறைத்து வலையைச் சுருக்கிக்கொள்ளவும், உக்கிரமான பிராணவாயுவைத் தணிக்கும் நொதிகளைப் பெருக்கிக்கொள்ளவும் ஒரு வாரம் முதல் சில வாரம் வரை செல்லும். பவளம் தன் பங்குக்குச் செய்துகொள்ளும் ஏற்பாடுகள் இன்னும் நிதானமானவை. பெரும் பவளத்திட்டின் பவளங்களில், புற ஊதாக் கதிரை விழுங்கும் நிறமற்ற பொருள் ஒன்று இருப்பதைக் கஸுவோ ஷிபாடா 1960-களின் இறுதியிலேயே கண்டறிந்தார். பச்சை, சிவப்பு, ஊதா எனத் தொட்டி வைத்திருப்போர் விலை கொடுத்து வாங்கும் ஒளிர்நிறமிகளும் பவளத்தின் சதையிலே உண்டாவன. இவை நிழற்குடையாகப் பயன்படுகின்றன என்று அன்யா சாலி முதலானோர் 2000 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். நீல ஒளியே அவற்றைப் பெருகச் செய்கிறது என்பது பின்னர் தெரியவந்தது. ஆனால் இந்த நிறமிகள் புரதங்களாகையால், அவற்றைப் போதிய அளவு தயாரிக்கப் பவளத்துக்கு வாரக்கணக்கில் அவகாசம் வேண்டும். இடையில் ஒரு செய்தி: இன்று உயிரியல் ஆராய்ச்சிக்கூடங்கள் பலவற்றிலும் வழங்கும் சிவப்பு ஒளிர்புரதம், 1999 இல் மாஸ்கோ நகரத்து விஞ்ஞானிகள், தொட்டிகளில் வளர்க்கப்படும் டிஸ்கோசோமா என்ற பவள உறவினத்திலிருந்து பிரித்தெடுத்தது. விளையாட்டுக்காக வளர்ப்பவர்களின் தொட்டிகளை விஞ்ஞானம் அலட்சியம் செய்வதற்கில்லை.

காலம் இவ்வளவு முக்கியமாவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பவளத்தின் சுண்ணாம்புக் கூடு ஒளியை நாற்புறமும் சிதறடிக்கும் வெண்பொருள். பாசிகள் நெருங்கியிருக்கும்போது ஒன்று மற்றொன்றுக்கு நிழல் தருகிறது. அவற்றில் ஒரு பகுதி வெளியேறிவிட்டாலோ, எஞ்சியவற்றுக்கு நிழல் குறைவதோடு, அடியிலிருந்து கூடு திருப்பி அனுப்பும் ஒளியும் வந்து சேர்கிறது. ஆகவே ஒவ்வொரு பாசியும் முன்னைவிட அதிக ஒளியை ஏற்கவேண்டியதாகிறது. வெளிறத் தொடங்கிய பவளம், விளக்கு அப்படியே இருக்கையில், தானாகவே மேன்மேலும் வெளிறுவது இதனால்தான். ‘இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்’ என்பவர்கள் இந்த ஒன்றை மறந்துவிடுகிறார்கள்.

பழக்குதல் என்பது வெறும் தற்காப்பு அல்ல, அது ஒருவகைப் பயிற்சி என்பதற்கு நான் அறிந்தவற்றுள் மிக அழகான சான்று தாய்லாந்தின் பூகேத் தீவில் கிடைத்தது. அங்கே, வற்றுக்கடலில் தலைகாட்டும் பவளத்திட்டில், உருண்டை வடிவமான கோனியாஸ்ட்ரியா பவளங்கள் நிற்கின்றன. ஆண்டின் முதல் மாதங்களில் பிற்பகலில் கடல் வற்றும்போது, மேற்கே சாயும் சூரியன் அவற்றின் மேற்குப் பக்கத்தை மட்டும் வறுத்தெடுக்கிறது. அந்தப் பக்கம் வெயிலால் வெளிறி, பின்பு தேறுகிறது. கிழக்குப் பக்கம் அந்தச் சோதனைக்கு உட்படுவதில்லை. பார்பரா பிரவுன் என்ற விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் இவற்றை ஆண்டுக்கணக்காகக் கவனித்துவந்தார்கள். 1995 இல் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறியபோது, அதே உருண்டைகளில் கிழக்குப் பக்கம் வெளிறிப்போயிற்று. வெயிலில் அடிபட்டுத் தேறிய மேற்குப் பக்கமோ பழுப்பு நிறம் மாறாமல் நின்றது. ஒரே உயிர், ஒரே பாசி, ஒரே உஷ்ணம். ஒரு பக்கம் பழகியது, மறுபக்கம் பழகாதது. இந்த ஆராய்ச்சியாளர்கள் 2000 ஆம் ஆண்டில் சில பவளங்களைப் பெயர்த்து, மேற்குப் பக்கம் கிழக்கு நோக்கும்படி திருப்பி நட்டுவைத்தார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 2010 இல், கடல் மறுபடியும் சூடேறிற்று. ஒரு தசாப்தமாக மாலை வெயிலைக் காணாத அந்தப் பழைய மேற்குப் பக்கம், எப்போதும் கிழக்கு நோக்கியே இருந்த பக்கங்களைவிட நான்கு மடங்கு பாசிகளைக் காப்பாற்றி வைத்திருந்தது. மூளை என்ற அவயவமே இல்லாத ஒரு பிராணி, பத்தாண்டுக்கு முந்திய வெயிலை எங்கே குறித்துவைத்திருந்தது என்பது வியப்புக்குரியதே. ஆயினும் இதிலிருந்து, பவளத்தை ஒருமுறை வெயிலில் வாட்டியெடுத்தால் உறுதிப்படும் என்று ஒருவரும் முடிவு கட்டவேண்டாம். பூகேத் பவளங்கள் கடலில் பிறந்து கடலில் பயின்றவை, அவற்றுக்கு அலையும் ஏற்றவற்றமும் துணையிருந்தன.

இனி, தொட்டி மங்கலாயிருக்கிறது என்று கண்கள் சொன்ன அந்தச் சாட்சியின் விஷயத்துக்கு வருவோம். மனிதக் கண் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒளியில் கூர்மையானது. 555 நானோமீட்டர் அலைநீளத்தில் அதன் உணர்ச்சி உச்சமடைகிறது. எல்.இ.டி. விளக்குகளில் மிகுதியாகவுள்ள 450 நானோமீட்டர் நீல ஒளியிலோ, பிரகாசத்தை உணரும் சக்தி அதில் ஏறக்குறைய இருபத்தைந்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. பாசியின் நிறமிகளுக்கு அந்த நீலமே மிகவும் உகந்தது. கடல்நீர் சிவப்பை முதலில் விழுங்கிவிட்டு நீலத்தை ஆழத்துக்கு அனுப்புவதால், அவை பரம்பரையாக நீலத்துக்கே பழகியவை. ஆகவே கண்ணுக்கு மங்கலாகத் தோன்றும் நீலத் தொட்டியில் பவளம் தகித்துக்கொண்டிருப்பது முழுக்க சாத்தியம். கையடக்கமான லக்ஸ்மானியும் மனிதக் கண்ணைப் பின்பற்றியே செய்யப்பட்டதாகையால், அதுவும் அதே பிழையைச் செய்கிறது. ஒளித்துகள்களை எண்ணும் மானி ஒன்றே இங்கே நம்பத்தகுந்தது. விலை அதிகம் என்பது உண்மைதான்; ஆனால் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி மாற்றி மாற்றிப் பயன்படுத்தினால் போதும், ஏனெனில் இது நாள்தோறும் வேண்டிய கருவி அல்ல. அளவெடுக்கும்போது தொட்டியின் நடுவில் மட்டும் எடுக்காமல், பவளம் நிற்கும் அந்தந்த இடத்திலேயே, நீருக்குள்ளே, உணர்கருவியின் முகம் மேல்நோக்கியிருக்கும்படி பிடித்து எடுக்கவேண்டும். எல்.இ.டி. விளக்கின் வில்லைகள் ஒளியைக் குவிப்பதால், ஒரு சாண் இடைவெளியில் அளவு இருமடங்காகவும் பாதியாகவும் மாறுவதுண்டு.

விளக்கை மாற்றாமலே வெளிச்சம் ஏறிவிடும் சந்தர்ப்பங்களும் உண்டு. அனுபவமில்லாதவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். நாட்பட்ட தொட்டிநீர் மெல்ல மெல்ல மஞ்சளிக்கிறது. அந்த மஞ்சள், நீல ஒளியையும் புற ஊதாக் கதிரையும் தடுத்துக்கொண்டிருக்கிறது. ஒருநாள் உற்சாகமாகப் புதிய செயலூட்டிய கரியைப் போட்டால், மறுநாள் காலையில் நீர் பளிங்காகிவிடுகிறது. நமக்கு அது சந்தோஷம், பவளத்துக்கு அது திடீரென்று அடித்த வெயில். உப்புப் படிந்து கிடந்த விளக்கின் கண்ணாடியைத் துடைப்பதும், ஓராண்டு எரிந்து மங்கிய குழல்விளக்குகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாக்குவதும் இத்தகையவையே. கரியைச் சிறிது சிறிதாக இடலாம். குழல்களை ஒவ்வொன்றாக, இரண்டு வாரத்துக்கு ஒன்று வீதம் மாற்றலாம்.

பழக்கும் முறை மிக எளியது, பொறுமைதான் அரியது. பவளம் இதற்குமுன் எந்த வெளிச்சத்தில் இருந்தது என்பதைக் கொடுத்தவரிடம் கேட்டறிந்து, அதே அளவில் தொடங்கவேண்டும். கேட்டறிய வழியில்லையென்றால், அது குறைந்த வெளிச்சத்திலிருந்து வந்ததாகவே கொள்ளவேண்டும். பையிலிட்டு இருட்டிலே ஒன்றிரண்டு நாள் பிரயாணம் செய்து வந்தது எதுவாயினும், முதல் வாரத்தில் அடிமணலின் ஓரத்தில்தான் இருக்கவேண்டும். (நம் நாட்டுக் கடல்களிலுள்ள கல்பவளங்கள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையைச் சேர்ந்தவை, மன்னார் வளைகுடாவிலிருந்து உயிருள்ளதையோ இறந்ததையோ எடுத்து வருவது குற்றம். நான் சொல்வன, தொட்டிகளிலேயே துண்டு போட்டுப் பெருக்கி, சட்டப்படி கைமாறிய பவளங்களுக்கே பொருந்தும்.) பிறகு, வாரத்துக்கு ஒருமுறை, இருக்கும் அளவில் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேற்படாமல் ஏற்றிக்கொண்டு போனால், 100 மைக்ரோமோலில் தொடங்கியது எட்டு வாரத்தில் 300 ஐத் தாண்டிவிடும். வேகமாகச் செய்து வெற்றி பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் செய்து தோற்ற சமயங்களைப் பற்றி நமக்குச் சொல்வதில்லை. காளான்பவளம் போன்றவற்றை 100 ஐச் சுற்றி நிறுத்திவிடலாம். அக்ரோபோரா என்ற கிளைப்பவள வகைகளுக்கு 250 முதல் 400 வரை கொடுப்பது வளர்ப்பவர்களின் வழக்கம்.

வெளிச்சத்தை ஏற்றும் வழிகள் பல. எல்.இ.டி. விளக்குகளில் சதவீதத்தை ஏற்றலாம். அப்போது நீலம், வெள்ளை இரண்டையும் ஒரே விகிதத்தில் ஏற்றுவது நலம். விளக்கை உயரே தொங்கவிட்டுச் சிறிது சிறிதாக இறக்கலாம். சதவீதம் குறைக்கும் வசதியற்ற விளக்கானால், ஜன்னலுக்கு அடிக்கும் பிளாஸ்டிக் கொசுவலையை நாலைந்து மடிப்பாகத் தொட்டியின் மேல் விரித்துவிட்டு, வாரம் ஒரு மடிப்பாக எடுத்துவிடுவது செலவில்லாத உபாயம். இதையே நான் அதிகம் விரும்புகிறேன், ஏனெனில் எல்லாப் பவளங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பவளத்தைத் தினந்தோறும் எடுத்து மேலும் கீழும் மாற்றிவைப்பவர்கள், வெளிச்சத்தோடு நீரோட்டத்தையும் மாற்றிவிடுகிறார்கள். பின்பு எதனால் என்ன நேர்ந்தது என்று கண்டுபிடிப்பது அசாத்தியம். விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்து உச்ச அளவை அப்படியே வைப்பது பலர் கையாளும் முறை. அதில் எனக்கு நம்பிக்கை குறைவு. 200 மைக்ரோமோலில் பத்து மணி நேரம் எரிந்தாலும், 400 இல் ஐந்து மணி நேரம் எரிந்தாலும் நாளின் மொத்தத் துகள் தொகை ஒன்றே. ஆனால் பழுதாகும் வேகம் செப்பனிடும் வேகத்தை முந்துவது உச்சத்தில்தான். சூரியன் உதயத்திலிருந்து படிப்படியாக ஏறி உச்சி அடைவதைப்போல், விளக்கையும் காலையில் ஓரிரண்டு மணி நேரம் மெல்ல ஏறும்படி அமைப்பது, அந்த நிமிஷக்கணக்கான மஞ்சள் நிறமிக்கு வேலை செய்ய அவகாசம் அளிக்கும்.

பழக்கும் காலத்தில் மற்றவை யாவும் அசையாமல் இருக்கவேண்டும். உஷ்ணம் ஏறியிருக்கும் வேளையில் செப்பனிடும் வேலை தடைப்படுகிறது. ஆகையால் நம் ஊர்ச் சித்திரை வைகாசியில், குளிர்சாதனம் இல்லாத தொட்டியில், வெளிச்சத்தை ஏற்றும் காரியத்தைத் தள்ளிப்போடுவதே விவேகம். நீரோட்டம் நன்றாக இருந்தால், சதையில் தேங்கும் உக்கிரப் பொருள்கள் விரைவில் கழுவப்படுகின்றன. பலத்த ஓட்டத்தில் நின்ற அக்ரோபோரா குறைவாக வெளிறியதைப் பரிசோதனையில் கண்டிருக்கிறார்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஒரு துளியும் இல்லாமல் துடைத்தெடுத்த நீரைப் பெருமையாக நினைப்பவர்கள் உண்டு. ஆனால் பாஸ்பேட் இன்றி நைட்ரேட் மட்டும் மிகுந்திருக்கும் நீரில் பவளங்கள் ஒளிக்கும் உஷ்ணத்துக்கும் எளிதில் இரையாகின்றன என்று ஜோர்க் வீடன்மான் முதலானோர் 2013 இல் காட்டியிருக்கிறார்கள். பட்டினி கிடக்கும் பாசியினால் புரதம் செய்யமுடியாது என்பது ஆலோசித்துப் பார்த்தால் விளங்கக்கூடியதே.

நாள்தோறும் ஒரு கைலென்சைக் கொண்டு பவளத்தைப் பார்க்கும் பழக்கம் எந்த மானிக்கும் குறைந்ததல்ல. ஒளியால் வரும் வெளிறல், ஒளி விழும் மேற்பக்கத்தில் தொடங்குகிறது. கிளையின் அடிப்பக்கமும், மற்றொரு கிளையின் நிழல் விழும் கீற்றும் பழுப்பாகவே இருக்கும். உஷ்ணத்தால் வருவதோ பெரும்பாலும் உடல் முழுவதும் பரவும். வளரும் கிளையின் நுனி மட்டும் வெள்ளையாயிருப்பது நோயல்ல. புதுக்கூடு எழும் வேகத்துக்குப் பாசிகள் இன்னும் குடியேறவில்லை என்பதே அதன் பொருள். வெளிறுவதற்கு முன்பாகவே சில குறிகள் தோன்றும்: பகலில் சிறுகைகள் உள்ளே இழுத்துக்கொள்ளப்படும், சதை கூட்டின்மேல் இறுகப் படிந்து, கூட்டின் விளிம்புகள் மேடிட்டுத் தெரியும், மெல்லிய கோழை நூலாகத் தொங்கும், பழுப்பில் ஒரு மஞ்சள் சாயல் கலக்கும். இவற்றில் இரண்டு சேர்ந்து தோன்றினால், ஏற்றிய வெளிச்சத்தை அன்றே முந்தின வாரத்து அளவுக்கு இறக்கிவிடவேண்டும்.

முற்றிலும் வெளிறிய பவளத்தையும் இறந்ததென்று எறிந்துவிடவேண்டாம். லென்சின் கீழே பார்த்தால், வெண்கூட்டின்மேல் நிறமற்ற சதை பளபளப்பதும், இரவில் கண்ணாடி இழைபோன்ற கைகள் நீள்வதும் தெரியும். அது தெரியும்வரை உயிர் இருக்கிறது. சதையே உரிந்து, கூடு சொரசொரப்பாக நின்றால், அது வேறு விஷயம். உயிருள்ளதை 50 முதல் 80 மைக்ரோமோல் வெளிச்சத்தில், மிதமான ஓட்டத்தில் வைத்து, யாங் தம் பெட்டிகளில் கண்டதை நினைவுகூர்ந்து, வாரம் இரண்டு மூன்று தடவை இரவில் நொறுக்கிய இறால், ஆர்ட்டீமியாவின் குஞ்சுகள் முதலிய சிற்றிரைகளைக் குழாய்முனையால் வாயருகே விட்டுவாருங்கள். பாசி இல்லாத காலத்தில் அதற்குச் சோறு அது ஒன்றே. முதலில் ஒரு மங்கலான பழுப்புச் சாயல் கூட்டின் பள்ளங்களில் தோன்றும். அது மேடுகளுக்கு ஏறிவரப் பல வாரம், சிலவற்றுக்கு மாதக்கணக்கு ஆகும். பழுப்பு முழுதும் திரும்பி, அதற்கு மேலும் ஒரு மாதம் கழியும்வரை விளக்கின்மேல் கை வைக்காதீர்கள்.